இரண்டாவது மானிட்டருக்கு எந்த கார்டு?

கேள்வி: என்னுடையது ஆறேழு வருடம் ஆன ஒல்லியான டெஸ்க்டாப். பவர் சப்ளை 240 வாட்தான், கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஒயரும் அதில் இல்லை. கேம் ஆடுவதில்லை, பிரவுசர், வீடியோ, எக்செல், அவ்வளவுதான். புதிதாக ஒரு 4கே மானிட்டரும் வாங்கிவிட்டேன். சிக்கனமாக எந்த கார்டு போடலாம்?

பதில்: கார்டே வேண்டாமாக இருக்கலாம், முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்து (இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் இருக்காது), மதர்போர்டில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால், 4கே மானிட்டரை அதில் மாட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வழியாக 4கே விநாடிக்கு 30 தடவைதான் வரும், மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். டிஸ்ப்ளேபோர்ட்டில் 60 வரும். வேலை முடிந்தது.

அது இல்லையென்றால்தான் கார்டு. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி ஒயர் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று என்விடியாவின் ஜிடி 710 கார்டு பக்கம் மட்டும் போகாதீர்கள். 19 வாட்தான் சாப்பிடும், சரி, ஆனால் எச்டிஎம்ஐயில் அதே 30 தொல்லை, விபி9 (யூடியூப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) வீடியோவைப் பிரிக்கத் தெரியாததால் யூடியூபின் 4கே சுமை முழுக்க பிராசசர் தலையில் விழும்.

உங்களுக்கு ஜிடி 1030 போதும், 30 வாட். ஆனால் ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது! 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, விநாடிக்கு 48 ஜிபி வேகம். மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு விட்டதில் வேகம் 17 ஜிபிகூட இல்லை. பெட்டியில் மெமரி வகையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலவற்றில் எச்டிஎம்ஐயோடு டிவிஐ என்ற பழைய போர்ட்தான் இருக்கும், இன்னொரு மானிட்டருக்கு எது பொருந்தும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 (53 வாட்) இதைவிட வேகம்தான், ஆனால் கேம் ஆடாதவருக்கு அது எதற்கு? இன்டெல் ஆர்க் ஏ310 ஏவி1 என்ற புதிய முறை வீடியோவையும் பார்த்துக்கொள்ளும், ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகுவது) வசதி இல்லாத பழைய போர்டில் அது ஒழுங்காக ஓடாது.

அப்புறம், ஒல்லிப் பெட்டி என்கிறீர்கள். லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டாக, குட்டையான பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபேன் இல்லாத மாடல் சத்தமே போடாது, ஆனால் பெட்டிக்குள் காற்று ஓட்டம் இருக்க வேண்டும்.

கேள்வி: புது கார்டு மாட்டினேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டு பழுதா?

பதில்: கேபிள் இன்னும் மதர்போர்டில்தான் இருக்கிறதா, பாருங்கள். கழற்றி கார்டில் மாட்டுங்கள். நானும் இதே தப்பைச் செய்துவிட்டு அரை மணி நேரம் கார்டைத் திட்டியிருக்கிறேன்.