மலையேறும் ஜீப்புக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் இருக்கிறது. போடியிலிருந்து மலைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மண் பாதையில் போய்வருகிறேன். கோடையில் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பெல்ட்டில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் சூடும் குறையும், டீசலும் மிச்சமாகும் என்கிறார்கள். போடலாமா? வயரிங் எப்படி?

பதில்: போடலாம். ஆனால் சூட்டுக்கு ஃபேன்தான் காரணமா என்று பார்க்காமல் போட்டால் பணமும் போகும், சூடும் அப்படியே இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஃபேன் மேல் எனக்குச் சந்தேகம் குறைவுதான்.

வாட்டர் பம்ப் முனையில் பூட்டிய ஃபேன் இன்ஜின் வேகத்துக்கு ஏற்பச் சுற்றும். ஐட்லிங்கில் மெதுவாகச் சுற்றும், ஆனால் டீசல் இன்ஜின் ஐட்லிங்கில் அதிகம் சூடாவதும் இல்லை. சுமையோடு இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பிடித்து ஏறும்போதுதான் சூடு குவியும். அந்த நேரத்தில் ஃபேனும் நல்ல வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஃபேன்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு இழுக்காது. எலெக்ட்ரிக் ஃபேன் ஜெயிக்கிற இடம் வேறு. ஃபோர்வீல் லோ கியரில் பாறைக்கு மேல் ஊர்ந்து போகும்போது இன்ஜின் ஆயிரம் சுற்றில் முனகிக்கொண்டிருக்கும், எதிர்க்காற்றும் கிடையாது. அங்கே முழு வேகத்தில் சுற்றும் தனி மோட்டார் நிஜமாகவே உதவும்.

அதனால் எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள். நின்றபடியோ ஊர்ந்தபடியோ இருக்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றுதான் குறை. சமவெளியில் 60-70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் ஏறினால் காற்றைக் குறை சொல்ல முடியாது. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். அப்போது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை.

மண் பாதை வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டரின் துடுப்புகளை, அதாவது டியூப்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகளை. பகலில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் அங்கங்கே புள்ளிகளாக மட்டும் தெரிந்தால் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போயிருக்கிறது. பின்னாலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து அடித்தால் துடுப்பு மடங்கிவிடும், நிதானமாகச் செய்யுங்கள். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும். ரேடியேட்டர் பட்டறையில் டேங்க்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. மலை வண்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை. கொழுக்குமலை உயரத்தில், அதாவது சுமார் 2,400 மீட்டரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் அதே உயரத்தில் ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 டிகிரிக்கு மேற்பட்ட பாதுகாப்பு காற்றோடு போகிறது. உங்கள் ரேடியேட்டருக்குக் குறித்த அழுத்தத்திலேயே புது மூடி வாங்குங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய டேங்க் பற்றவைப்பு விட்டுவிடும். தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாகிறது என்றதும் அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அது வைத்தியமே இல்லை. இன்ஜின் காலையில் சூடேறாமல் டீசலைத் தின்னும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்னும் குறுக்குவழியிலேயே சுற்றி இன்னும் சூடாகும்.

ஃபேனைச் சுற்றி நிற்கும் ஷ்ரவுட், அதாவது காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு, இருக்கிறதா? பழைய ஜீப்புகளில் பெல்ட் மாற்றும்போது இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் திரும்பப் பூட்டுவதே இல்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். தகரத்தில் ஒன்று வளைத்துப் போடுங்கள். இறக்கைகளின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். பல வண்டிகளில் இதோடு விஷயம் முடிந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறினால், சரி, எலெக்ட்ரிக் ஃபேன் போடுங்கள். சிறிய காரின் ஃபேனை எடுத்து மாட்டாதீர்கள். இரண்டு லிட்டர் டீசலுக்குச் சுமை ஏற்றத்தில் அது போதாது. ரேடியேட்டரின் பரப்பில் பெரும்பகுதியை மூடும் 16 அங்குல ஃபேனோ, பெரிய காரிலிருந்து எடுத்த இரட்டை ஃபேனோ ஷ்ரவுட்டோடு வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்கினால் அங்கேயே பேட்டரியில் கொடுத்துச் சுற்றவிட்டுப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் நின்று இழுப்பதே நல்லது. முன்னால் வைத்தால் எதிர்க்காற்றுக்கு அதுவே தடை. துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டும் முறை வேண்டவே வேண்டாம். குலுங்கிக் குலுங்கி அது டியூபை அறுத்துவிடும். பட்டை இரும்பில் பிராக்கெட் செய்து ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.

பழைய ஃபேனைக் கழற்றும்போது பெரும்பாலான வண்டிகளில் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஃபேனையும் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடிப்பது ஒரே போல்ட்டுகள்தான். ஃபேனை எடுத்ததும் அந்தத் தடிமன் குறைந்துவிடும். அதே நீள போல்ட்டை முறுக்கினால் அடியில் போய் முட்டிக்கொண்டு இறுகிய மாதிரி தெரியும், புல்லி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். நீளம் குறைந்த போல்ட் போடுங்கள்.

வயரிங்குக்கு வருவோம். இந்த அளவு ஃபேன் 20 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராகக் கொடுத்தால் சுவிட்ச் உருகும். நடுவில் ஒரு ரிலே வேண்டும்; சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் எண் கால், 87-ஆம் எண் காலிலிருந்து ஃபேன் என்று 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழுங்கள். ஃபியூஸ் 40 ஆம்பியர். ரிலே அதற்குக் குறையக் கூடாது, 70 ஆம்பியர் ரிலே கிடைத்தால் அதையே போடுங்கள். எர்த் வயரும் அதே தடிமனில் பெயின்ட் சுரண்டிய சேசிஸ் இரும்பில் உட்கார வேண்டும். ரிலேயின் 86-க்கு இக்னிஷனிலிருந்து கரண்ட், 85-ஐ எர்த் செய்ய, தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானே வேலை செய்யும் தெர்மோ சுவிட்ச். தெர்மோஸ்டாட்டில் பொறித்திருப்பது 82 என்றால், இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் வெளியேறும் பக்கம் 92-95 டிகிரியில் ஃபேனைப் போட்டு 87 டிகிரி வாக்கில் அணைக்கும் சுவிட்ச் சரியாக இருக்கும். 82-க்குக் கீழே வேலை செய்யும் சுவிட்ச் வாங்கினால் ஃபேன் நிற்கவே நிற்காது. கீழ் டேங்க்கில் பொருத்தினால், ஆறிய தண்ணீரைத்தான் அது பார்க்கும், தாமதமாகவே ஃபேனைப் போடும்.

இந்த சுவிட்சை மீறி ஃபேனைப் போடவும் அணைக்கவும் டாஷ்போர்டில் தனி சுவிட்ச் ஒன்று வேண்டும். ஓடையில் இறங்கும் முன் ஃபேனை அணைத்துவிட வேண்டும். இறக்கை தண்ணீரில் மாட்டினால் மோட்டார் திணறி ஃபியூஸ் போகும். கரையேறியதும் மறக்காமல் திரும்பப் போட, அணைந்திருக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு ஒன்றையும் வையுங்கள். மாட்டி முடித்ததும் கிரில் பக்கம் ஒரு செய்தித்தாளைக் காட்டுங்கள். ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் வயர் மாறியிருக்கிறது.

இன்ஜினிலிருந்து கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டரை மறந்துவிடாதீர்கள். ஹெட்லைட் இரண்டு மட்டுமே சுமார் 10 ஆம்பியர். மழையில் இரவில் வைப்பரும் ஃபேனும் சேர்ந்தால் 35 ஆம்பியரைத் தாண்டும். பழைய ஆல்டர்னேட்டர் குறைந்த சுற்றில் இதைத் தராது, ஃபேன் அதிகம் தேவைப்படுவதும் அதே குறைந்த சுற்றில்தான். பெரிய ஆல்டர்னேட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டீசல் மிச்சம் பற்றி: ஃபேன் வேகம் இரட்டித்தால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் நெடுஞ்சாலையில் அதிகச் சுற்றில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு லாபம் உண்டு. தோட்டத்துப் பாதையில் நீங்கள் அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. உங்கள் ஜீப்பின் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்ட்டை நம்பி ஓடுவது அதில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேன் வந்ததும் ஒரு ஃபியூஸ் போனாலும் ஏற்றத்தில் நிற்க வேண்டிவரும். அமெரிக்காவின் பழைய ஜீப் செரோக்கியில் நான்கு லிட்டர் இன்ஜினுக்கு பெல்ட் ஃபேனும் துணைக்கு ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். உங்கள் ரேடியேட்டருக்கு முன்னால் இடம் இருந்தால் நானும் அதையே சொல்வேன்: பெல்ட் ஃபேன் அப்படியே இருக்கட்டும், முன்னால் மெல்லிய 10 அங்குல ஃபேன் ஒன்றை வைத்து ஊரும்போது மட்டும் போடுங்கள். எதிர்க்காற்றைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் அந்தச் சிறிய பரப்பால் உங்கள் வேகத்தில் பாதகமில்லை. பழைய ஆல்டர்னேட்டரே அதைத் தாங்கும், அது நின்றுபோனாலும் வண்டி வீடு வந்து சேரும்.