பழைய சஸ்பென்ஸும் சின்னத்திரையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புகழ்பெற்ற பழைய சஸ்பென்ஸ் படங்களை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏன் அத்தனை ஆர்வத்துடன் மறுபடி எடுத்தன? புதிய கதைக்குப் பஞ்சமா?

பதில்: கதைக்குப் பஞ்சமில்லை, அவகாசத்துக்குத்தான் பஞ்சம். திரையரங்கில் வெளியாகும் படத்துக்கு, பார்த்தவர் சொல்லிக் கேட்டவர் வந்து சேரச் சில வாரங்களாவது கிடைக்கும். தொலைக்காட்சிக்கென்று எடுக்கப்படும் படமோ ஒரே இரவில் ஒளிபரப்பாகி, அந்த இரவிலேயே பார்வையாளர்களைத் திரட்டியாக வேண்டும். பெயரைச் சொன்னதும் கதை நினைவுக்கு வரும் படமென்றால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. 1991ஆம் ஆண்டில் மட்டும் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’, ‘த நைட் ஆஃப் த ஹண்டர்’, ‘வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?’ ஆகிய மூன்றும் இவ்வாறு புது நடிகர்களுடன் சின்னத்திரைக்கு வந்தன. இரண்டாவது காரணம் சிக்கனம். சஸ்பென்ஸ் கதைகளில் பல, ஒரு வீடு, நான்கைந்து பேர், ஒரு தொலைபேசி என்ற எல்லைக்குள் அடங்கிவிடுபவை. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண், தொலைபேசி இணைப்பு தவறிக் கொலைத் திட்டம் ஒன்றைக் கேட்க நேரும் ‘சாரி, ராங் நம்பர்’ 1943இல் வானொலி நாடகமாக ஒலிபரப்பாகி, 1948இல் திரைப்படமாகி, 1989இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்ததற்கு அந்த எளிய அமைப்பும் ஒரு காரணம்.

கேள்வி: ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தின் 1973ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவம் பழைய திரைக்கதையைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றுகிறது. பிறகு ஏன் அது உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது?

பதில்: அப்படியே பின்பற்றியதுதான் குறை. பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய படம் 107 நிமிடம் ஓடுகிறது. தொலைக்காட்சி வடிவம், விளம்பரங்களையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டியிருந்ததால், ஏறத்தாழ 75 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. கொலை செய்தவன் தானே என்று கதாநாயகன் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடும் கதை அது. யார் செய்தார் என்ற புதிர் அங்கே இல்லை. அவனுக்கும் கொலையில் கூட்டாளியான பெண்ணுக்கும் இடையிலான மோகம் சந்தேகமாகத் திரிவதை நாம் மெல்ல மெல்ல உணர்வதில்தான் அதன் விறுவிறுப்பு இருக்கிறது. நிமிடங்களைக் குறைத்தபோது நிகழ்ச்சிகள் எல்லாம் மிஞ்சின; அந்தத் திரிபு மட்டும் மிஞ்சவில்லை. இன்னொன்றும் உண்டு. 1944இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக இருந்தபடியால், அந்த ஆணும் பெண்ணும் மனத்தில் உள்ளதைச் சுற்றி வளைத்துப் பேச நேர்ந்தது; அந்தச் சுற்றிவளைப்பே வசனத்துக்குக் கூர்மை தந்தது. கெடுபிடிகள் தளர்ந்துவிட்ட 1973இல், வண்ணத்தில், நிழலே விழாத வெளிச்சத்தில் அதே வசனங்களைப் பேசும்போது அவை ஒப்பித்தல் போல ஒலிக்கின்றன.

கேள்வி: விளம்பர இடைவேளைகள் சஸ்பென்ஸைக் கெடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா?

பதில்: பெரும்பாலும் கெடுக்கின்றன. இரண்டு மணி நேர ஒளிபரப்புக்கான தொலைக்காட்சிப் படத்தை ஏழு அங்கங்களாகப் பிரித்து எழுதுவது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும், பார்வையாளர் வேறு அலைவரிசைக்குத் தாவாதபடி ஓர் அதிர்ச்சி வேண்டும். கதையில் அத்தனை அதிர்ச்சிக்கு இடமில்லாதபோது எழுத்தாளர் போலி அதிர்ச்சிகளைப் புகுத்துகிறார்: இருட்டில் தோள்மீது ஒரு கை விழும், விளம்பரம் முடிந்து வந்தால் அது நண்பரின் கையாக இருக்கும். இரண்டு முறை இப்படி ஏமாந்தவர் மூன்றாம் முறை பயப்பட மாட்டார். சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் போன்றவர்கள் ஒரே கயிற்றைப் படம் நெடுகிலும் இறுக்கிக்கொண்டே போவார்கள். அதே கயிற்றை ஏழு துண்டாக நறுக்கிவிட்டு இறுக்கம் போதவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. விதிவிலக்கும் உண்டு. மறுஆக்கம் அல்லவென்றாலும், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டுயல்’ 74 நிமிடங்களில், ஒரு காரையும் அதைத் துரத்தும் ஒரு லாரியையும் கொண்டே இடைவேளைகளைத் தாண்டி நம்மைப் பிடித்து வைக்கிறது. துரத்தல் நின்று நின்று மீண்டும் தொடங்குவதாகவே கதை அமைந்திருப்பதால், இடைவேளை அதற்கு ஊறு செய்யவில்லை.

கேள்வி: கிறிஸ்டஃபர் ரீவ் நடித்த ‘ரியர் விண்டோ’வை அனுதாபத்தினால்தான் பாராட்டினார்கள் என்கிறான் என் தம்பி. உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஹிட்ச்காக்கின் 1954ஆம் ஆண்டுப் படத்தில், கால் முறிந்து மாவுக்கட்டுடன் அமர்ந்திருக்கும் புகைப்படக்காரர் பொழுதுபோகாமல் அண்டை வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறார். அவருடைய இயலாமை சில வாரங்களில் தீர்ந்துவிடக்கூடியது. அதை வைத்துக் கேலிகூட நடக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் கதாநாயகன் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒரு கட்டடக் கலைஞர். அவராக நடித்த ரீவோ, 1995இல் குதிரையிலிருந்து விழுந்தது முதல் உண்மையிலேயே அந்நிலையில் இருந்தவர். செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய் கழன்றுவிடுமோ என்ற அச்சம் அவருக்கு அன்றாட அனுபவம். அந்த அச்சத்தை அவர் கண்களாலும் உதடுகளாலும் மட்டுமே காட்டும் காட்சிகளில், பழைய படத்தில் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. இந்த நடிப்புக்காக அவர் பெற்ற திரை நடிகர் சங்க விருதை அனுதாப விருது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், படம் என்ற அளவில் அது தடுமாறுகிறது. மூலப்படம் அந்த அறையை விட்டு ஏறக்குறைய நகர்வதே இல்லை. அவர் பார்ப்பதை மட்டுமே நாமும் பார்க்கிறோம். மறுஆக்கமோ விபத்து, மருத்துவமனை, பயிற்சி என்று வெளியே நெடுநேரம் சுற்றிவிட்டுத்தான் ஜன்னலுக்கு வருகிறது. அடுத்தவர் வீட்டை எட்டிப்பார்ப்பது முறையா என்று ஹிட்ச்காக் நம்மையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இங்கே, பார்ப்பவர் வேறு எதுவும் செய்ய இயலாதவர் என்பதால், அக்கேள்வியை எவரும் கேட்கத் துணியவில்லை. தம்பி சுட்டும் அனுதாபம் நடிப்பில் இல்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: ஹிட்ச்காக்கின் ‘த பேர்ட்ஸ்’ படத்தின் தொலைக்காட்சித் தொடர்ச்சியைத் தேடிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 1994இல் வந்த அந்தப் படத்தின் இயக்குநராகத் திரையில் வரும் பெயர் ஆலன் ஸ்மிதி. தாம் எடுத்த படத்தில் தம் பெயர் வர வேண்டாமென்று இயக்குநர் மறுக்கும்போது போடப்பட்டு வந்த புனைபெயர் அது. மூலப்படத்தின் நாயகி டிப்பி ஹெட்ரன் இதில் வேறொரு சிறு பாத்திரத்தில் வந்து போகிறார்.

கேள்வி: திரைப்படம்தான் மூலம், தொலைக்காட்சி வெறும் நகல் என்று எப்போதும் சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. ‘டயல் எம் ஃபார் மர்டர்’ என்றால் எல்லோரும் 1954ஆம் ஆண்டு ஹிட்ச்காக் படத்தைத்தான் நினைக்கிறார்கள். பிரெடரிக் நாட் எழுதிய அந்தக் கதை முதன்முதலில் வெளியானது 1952 மார்ச்சில், பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக. அதே ஆண்டில் அது லண்டன் மேடையையும் நியூயார்க் மேடையையும் கண்ட பிறகே ஹாலிவுட்டுக்குப் போனது. ஏஞ்சி டிக்கின்சனும் கிறிஸ்டஃபர் பிளம்மரும் நடித்து 1981இல் தொலைக்காட்சிப் படமாக அது வந்தபோது, சினிமாவிலிருந்து கதையைக் கடன் வாங்கிவிட்டார்கள் என்று சொன்னவர்கள், அது பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். ஹிட்ச்காக்கும் அந்தக் கதையை ஊரெங்கும் அலையவிடாமல், பெரும்பாலும் ஒரே வரவேற்பறைக்குள்ளேயே வைத்துப் படமாக்கினார்.