சூரியனைப் பார்த்து வரைதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய தொலைநோக்கியால் சூரியனைக் கவனித்து, கண்டதைத் தாளில் வரைந்து வைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம். பாதுகாப்பு பற்றிய கேள்வியை முதலில் வைத்திருக்கிறோம். அதன் விடையை முழுவதும் படித்த பிறகே மற்றவற்றுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: என் தொலைநோக்கிப் பெட்டியில், ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் முனையிலுள்ள வில்லைத் தொகுப்பின்) அடியில் திருகிப் பொருத்தும் கருங்கண்ணாடி ஒன்று இருக்கிறது. சூரியனைப் பார்க்க அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதை இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். தொலைநோக்கியின் முன்வில்லை திரட்டும் வெப்பம் முழுவதும் குவியும் இடத்துக்கு அருகில் அந்தச் சிறு கண்ணாடி இருப்பதால், அது சூடேறி எந்த நொடியிலும் விரிசல் விடக்கூடும். அந்த நொடியில் உங்கள் கண் அங்கே இருக்கும். விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் கிடையாது என்பதால், பாதிப்பு நேர்வதை உடனே உணரவும் முடியாது.

ஒளி தொலைநோக்கிக்குள் நுழைவதற்கு முன்பே அதைக் குறைக்க வேண்டும். சூரியனைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்படும், ஒளியடர்த்தி எண் 5 கொண்ட ஃபிலிம், விழும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். அதனால் முன்வாய் முழுவதையும் மூடி, காற்றடித்தாலும் கைபட்டாலும் கழன்றுவிடாதபடி இறுக்கமாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு முறையும் பொருத்துவதற்கு முன், பிரகாசமான விளக்கின் எதிரே பிடித்து ஊசித்துளையோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஃபிலிமைக் கைவிடுங்கள். ஒளியடர்த்தி எண் 3.8 என்று விற்கப்படுவது படமெடுப்பதற்கானது, கண்ணுக்கானது அன்று. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கி வழியே பார்ப்பதும் ஆபத்தானது, ஏனெனில் அது வெறுங்கண்ணால் பார்ப்பதற்காக மட்டுமே செய்யப்பட்டது. குழாயின் மேலிருக்கும், இலக்கைத் தேட உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரையும் மூடிவிடுங்கள். சூரியனைத் தேட அது தேவையில்லை. தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறியதாகும் வரை திருப்பினால் சூரியன் பார்வைப் புலத்துக்குள் வந்துவிடும்.

கேள்வி: விண்கலங்கள் சில விநாடிகளுக்கு ஒரு முறை சூரியனைப் படமெடுக்கும் காலத்தில், பென்சிலால் வரைவதால் என்ன பயன்?

பதில்: நியாயமான கேள்விதான். சூரியனைக் கண்காணிக்க 2010இல் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலம் தரும் படங்களின் நுணுக்கத்தை எந்தக் கைவரைபடமும் எட்டாது. ஆனால் சூரியனின் போக்கை அறிய நுணுக்கத்தைப் போலவே தொடர்ச்சியும் தேவைப்படுகிறது. சூரியனின் முகத்தில் கரும்பொட்டுகளாகத் தெரியும் சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறையும் சுழற்சியை இன்றைய நிலையோடு ஒப்பிட வேண்டுமானால், கடந்த நூற்றாண்டுகளில் எப்படிப் பார்த்தார்களோ அதே முறையில் இன்றும் சிலர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிரசெல்ஸில் உள்ள பெல்ஜிய அரச வானாய்வகம் தொகுக்கும் உலகச் சூரியப்புள்ளி எண், இப்போதும் சிறு தொலைநோக்கிகளால் கண்கொண்டு எண்ணப்பட்ட கணக்குகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அவற்றை அனுப்புவோரில் பலர் அமெச்சூர்கள், அதாவது தொழில்முறை அல்லாத ஆர்வலர்கள்.

அந்தச் சுழற்சியைக் கண்டறிந்தவரும் அப்படிப்பட்ட ஒருவரே. ஜெர்மனியின் டெசாவ் நகரில் மருந்தாளுநராக இருந்த ஹைன்ரிஷ் ஷ்வாபே, புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்குமானால் அது சூரியனைக் கடக்கும்போது கரும்பொட்டாகத் தெரியும் என்று எண்ணி, 1826இல் தொடங்கி வானம் தெளிந்த நாள்தோறும் பார்த்து வரைந்துவந்தார். கோள் கிடைக்கவில்லை; அதற்குப் பதிலாக, புள்ளிகள் சுமார் 10 ஆண்டுகளில் கூடிக் குறைகின்றன என்பது 1843வாக்கில் அவருக்குப் புலப்பட்டது. ஜப்பானின் ஹிசாகோ கோயாமா 40 ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்துவைத்த 10,000க்கும் அதிகமான படங்கள், புள்ளி எண்ணின் நீண்ட வரிசையைச் சரிபார்க்க இன்று ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன.

வரைபவருக்குக் கிடைக்கும் பயன் வேறு. புகைப்படம் ஒரு கணத்தின் காற்றுக் கலக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வரைபவரோ காற்று அடங்கும் ஓரிரு நொடிகளுக்காகக் காத்திருந்து, அந்த நொடிகளில் மட்டும் தெரிவதைச் சேர்த்துக்கொண்டே போவார். பத்து நிமிடம் அப்படிப் பார்த்த புள்ளிக்கூட்டத்தை மறுநாள் கண்டதுமே, எது வளர்ந்திருக்கிறது, எது பிளந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.

கேள்வி: எனக்கு ஓவியம் வராது. ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளைச் சரியான இடத்தில் வைப்பதே சிரமமாக இருக்கிறது. முறையாகத் தொடங்குவது எப்படி?

பதில்: ஓவியத் திறமை இதற்குத் தேவையில்லை. புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் முக்கியம். அது எப்படி இருக்கிறது என்பது அடுத்தது. அதனால் இடத்தைக் கண்மதிப்புக்கு விட்டுவிடாதீர்கள்.

ஒளிவிலகல் தொலைநோக்கி (முன்வில்லையால் ஒளியைக் குவிப்பது) வைத்திருப்பவர்களுக்கு, பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து வரைவதே சிறந்த வழி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவின் மாணவர் பெனெடெட்டோ காஸ்டெல்லி வகுத்த முறை இது; 1612இல் கலிலியோ வரைந்த புள்ளிப் படங்கள் இவ்வாறுதான் உருவாயின. இந்த முறையில் மட்டும் முன்னால் ஃபிலிம் இருக்காது. ஆகவே யாரும், குறிப்பாகக் குழந்தைகள், ஐபீஸின் அருகே கண்ணைக் கொண்டுசெல்லாதபடி முழு நேரமும் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். முன்வாயை 6 செ.மீ. அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாகங்களும் பசையிட்டு ஒட்டிய வில்லைகளும் கொண்ட ஐபீஸ்களைத் தவிருங்கள். குழாய் மூடியிருக்கும் கண்ணாடி வகைத் தொலைநோக்கிகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், உள்ளே வெப்பம் சேர்ந்து அவை கெட்டுவிடும்.

வட்டத்தின் விட்டம் 15 செ.மீ. இருக்கட்டும். 900 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 20 மி.மீ. ஐபீஸைப் பொருத்தினால், அதிலிருந்து ஏறக்குறைய 38 செ.மீ. தள்ளித் திரையை வைக்கும்போது பிம்பம் அந்த அளவுக்கு வரும். சூரியனின் விட்டம் சுமார் 13.92 லட்சம் கி.மீ. என்பதால் உங்கள் தாளில் ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 9,300 கி.மீ. ஆகும், பூமி அதில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். பென்சில் முனை தடித்தால் ஒரு கண்டமே பிசகிவிடும் என்பதை நினைவில் வைத்துக் கூராகச் சீவிக்கொள்ளுங்கள்.

பிம்பத்தின் விளிம்பை வட்டத்தோடு பொருத்தி, பெரிய புள்ளிகளின் மையங்களை முதலில் குறியுங்கள். பிம்பம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குறிக்கும் முன் விளிம்பை மறுபடி பொருத்திக்கொள்ள வேண்டும். ஃபிலிம் வழியே பார்த்து வரைபவர்கள் வட்டத்தில் மெல்லிய கட்டங்கள் இட்டுக்கொண்டு, விளிம்பிலிருந்தும் மையத்திலிருந்தும் உள்ள தூரத்தை ஒப்பிட்டுக் குறிக்கலாம். அதன்பின் ஒவ்வொரு கூட்டமாக எடுத்து, உள்ளிருக்கும் அடர்கருமையான கருநிழலை 2பி பென்சிலாலும், அதைச் சூழ்ந்த சாம்பல்நிறப் புறநிழலின் எல்லையை எச்பியாலும் வரையுங்கள். கருநிழலை வெட்டிக்கொண்டு செல்லும் ஒளிப்பாலம் இருந்தால் அதை வெண்மையாக விட்டுவிடுங்கள். விளிம்பருகே சூரியன் சற்று மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் மேல் நரம்புபோல் வெளிறித் தெரியும் ஒளித்திட்டுகளைப் புள்ளிக்கோடுகளால் சுற்றிக் காட்டினால் போதும்.

ஐயத்துக்குரிய சிறு பொட்டு ஒன்று தெரிந்தால் திரையை மெல்ல அசையுங்கள். தாளின் அழுக்கு தாளோடு நகரும்; சூரியனில் இருப்பது பிம்பத்தோடு நிற்கும். ஐபீஸைச் சுழற்றினால் அதிலுள்ள தூசி அதனோடு சுழலும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பொட்டையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வரைந்து முடிக்கும்வரை விண்கலப் படங்களைப் பார்க்கவும் வேண்டாம். இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டால், கண் அதைக் கண்டதாகவே சொல்லும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் ஓரளவு மேலேறிய பின், தரை சூடாவதற்கு முந்தைய காலைப்பொழுது சிறந்தது. தாளின் ஓரத்தில் தேதி, உலக நேரம், கருவி, காற்றின் நிலை ஆகியவற்றை எழுதாவிட்டால் அந்தப் படம் பிறருக்குப் பயன்படாது.

கேள்வி: என் வரைபடத்தில் கிழக்கு எது, மேற்கு எது என்று எப்படி அறிவது?

பதில்: தொலைநோக்கியைச் சூரியனோடு திருப்பிக்கொண்டே இருக்கும் மோட்டார் இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பிம்பத்தை அதன் போக்கில் விடுங்கள். எந்த விளிம்பு முன்னே செல்கிறதோ அது மேற்கு. ஒரு புள்ளி நகரும் பாதையைத் தாளில் கோடாக இட்டால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். பிறகு தொலைநோக்கியைத் துருவ நட்சத்திரம் இருக்கும் திசைநோக்கிச் சற்றே நகர்த்துங்கள். முதலில் பார்வையை விட்டு வெளியேறும் விளிம்பு தெற்கு. கண்ணாடிகளும் வில்லைகளும் பிம்பத்தை எப்படிப் புரட்டியிருந்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது.

இது வானத்தின் வடக்கு. சூரியனின் அச்சு இதிலிருந்து ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே, இருபுறமும் அதிகபட்சம் 26.3 பாகை வரை சாய்ந்து தெரியும். அதன் நடுக்கோடும் 7.25 பாகை வரை மேலும் கீழும் விலகித் தெரியும். அன்றன்றைய மதிப்புகளை வானியல் பஞ்சாங்கங்களிலிருந்து எடுத்துக்கொண்டு, ஸ்டோனிஹர்ஸ்ட் வட்டு எனப்படும் அட்சரேகை வரைந்த ஒளிபுகும் தாளை உங்கள் படத்தின்மேல் வைத்தால் புள்ளியின் உண்மையான இடத்தைப் படித்துவிடலாம்.

கேள்வி: புள்ளிகளை எண்ணும் முறை என்ன?

பதில்: சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் 1848இல் வகுத்தது: கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூன்று கூட்டங்களில் 14 புள்ளிகள் என்றால் 44. ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தாலும் அது ஒரு கூட்டமாகிவிடுவதால் 11. உங்கள் கருவிக்கும் கண்ணுக்கும் உரிய திருத்தக் காரணியைப் பல மாதக் கணக்குகளை ஒப்பிட்டுப் பிறகு கணிப்பார்கள். அதற்காகக் கருவியை அடிக்கடி மாற்றாமலிருங்கள்.

கேள்வி: வெள்ளொளியில் (நிறம் பிரிக்காத இயல்பான சூரிய ஒளியில்) திடீர் நிகழ்வு எதையும் காண வாய்ப்புண்டா? அல்லது ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மிக அரிதாக வாய்ப்புண்டு. 1859 செப்டம்பர் 1 அன்று முற்பகலில், வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் இங்கிலாந்தில் தம் வானாய்வகத்தில் 11 அங்குலப் பிம்பத்திலிருந்து பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது, அதன்மேல் இரண்டு வெண்ணொளித் திட்டுகள் வெடித்தெழுந்தன. சாட்சிக்கு ஒருவரை அழைக்க ஓடி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பிய போதே அவை பெரிதும் தளர்ந்திருந்தன; ஐந்து நிமிடங்களில் மறைந்தே போயின. அடுத்த நாள் பூமியைப் பெரும் காந்தப்புயல் தாக்கியது. அவர் அப்போது பென்சிலோடு அங்கே இருந்ததால்தான் திட்டுகள் தோன்றிய இடமும் மறைந்த இடமும் துல்லியமாகப் பதிவாயின.

ஹைட்ரஜன் ஆல்ஃபா கருவி 656.3 நானோமீட்டர் செவ்வொளியை மட்டும் விட்டு, விளிம்பில் எழும் பிழம்புகளைக் காட்டும். அவற்றைக் கருந்தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைவது வழக்கம். அழகான காட்சிதான், ஆயினும் வெள்ளொளியில் ஓராண்டு வரைந்து பழகிய பிறகு வாங்குங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: மேகமூட்டத்தால் பல நாட்கள் விட்டுப்போகின்றன. அந்த நாட்களை இணையப் படங்களைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அந்த நாளை வெற்றிடமாகவே விட்டு 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். பார்த்தும் புள்ளி எதுவும் இல்லாவிட்டால், வெறும் வட்டத்தை வரைந்து பூஜ்யம் என்று குறித்து வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல. புள்ளிகள் மிக அருகியிருந்த 1645 முதல் 1715 வரையிலான காலத்தின் பழைய குறிப்புகளில், பார்க்காத நாட்கள் சில பூஜ்ய நாட்களாகக் கணக்கில் ஏறிவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் மூலக் கையேடுகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதாயிற்று.