கீபோர்டு பளபளப்பு: அழுக்கா, தேய்மானமா?

கேள்வி: சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் தமிழ் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி 8 மாதம்தான் ஆகிறது. எஃப் கீயும் ஸ்பேஸ் பாரும் எண்ணெய் தடவியதுபோல மின்னுகின்றன. விற்ற கடைக்காரர் அழுக்கு என்கிறார். வாரண்டியில் மாற்றித் தருவார்களா?
– வாசகர், வேலூர்

பதில்: எஃப் கீ என்றதுமே நீங்கள் தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவர் என்று தெரிகிறது. மெய்யெழுத்துக்கான புள்ளி அந்தக் கீயில்தான் இருக்கிறது. நாள் முழுக்க அடி வாங்குவதும் அதுதான்.

முதலில் அழுக்கா என்று பாருங்கள். வயரைக் கழற்றிவிட்டு, துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்த ஒரு கீயை மட்டும் துடைத்துக் காயவிடுங்கள். சொரசொரப்பு திரும்பினால் விரல் எண்ணெய்தான். கீ கேப்களை, அதாவது கீகளின் மேல்மூடிகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் போதும். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கேப்பின் அடிக்குழலில் நிற்கும் தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கிவிடும். வேலூர் வெயிலை நம்பி மாடியில் பரப்பாதீர்கள், நிழலே போதும்.

துடைத்தும் மின்னினால் தேய்மானம். கீயின் மேல் அச்சில் வார்த்த நுண்ணிய மேடுகளை விரல் உரசி உரசி மழித்துவிட்டது. விலை குறைந்த கேப்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது சீக்கிரம் வழவழப்பாகும். போன மேடு எதனாலும் திரும்பாது. உப்புத்தாள் போட்டால் திட்டுத்திட்டாகி எழுத்தும் போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள்; அதில் அசிட்டோன் இருந்தால் ஏபிஎஸ் கரைந்துவிடும்.

இத்தகைய தேய்மானத்தை வாரண்டியில் பொதுவாக ஏற்கமாட்டார்கள். கேப்களை மட்டும் மாற்றுவதே சிக்கனம். பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த செட் கேளுங்கள். அதுவும் ஒருநாள் மின்னும், ஆனால் வெகுநாள் தாங்கும். எழுத்து 'டபுள் ஷாட்' (வேறு நிறப் பிளாஸ்டிக்கிலேயே வார்ப்பது) அல்லது 'டை சப்' (சூட்டில் சாயத்தை உள்ளிறக்குவது) முறையில் பதிந்ததாக இருக்கட்டும், அழியாது. வாங்குமுன் ஒரு கேப்பைக் கழற்றிப் பாருங்கள்: சுவிட்சின் தண்டு கூட்டல் குறிபோல இருந்தால்தான் இந்தச் செட்டுகள் பொருந்தும். ஸ்பேஸ் பாரையும் அளந்துகொள்ளுங்கள், வழக்கமான 6.25 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஓர் எழுத்துக் கீக்கான இடம்) என்றால் சுமார் 119 மில்லிமீட்டர் வரும். இதில் தவறி வாங்கிவிட்டு மற்றதெல்லாம் பொருந்தியும் அது மட்டும் மாட்டாமல் திண்டாடுவோர் பலர்.

செட் வரும்வரை ஸ்பேஸ் பாரைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். கட்டைவிரல் படாத பக்கம் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கும்.