இருவாச்சியின் கழுத்து

அன்புள்ள ஐயா,

செந்தூலில் வசிக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பணி ஓய்வுக்குப் பின் சிமெண்டில் இருவாச்சிப் பறவை, பசு, பால்மரம் சீவும் பெண் என்று செய்துவருகிறேன். அண்மையில் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் சந்தால் பழங்குடியினரை வைத்துச் செய்த ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தைப் படத்தில் பார்த்தேன். பூசி முடிக்காத சுவர்போல இருக்கிறது. நானோ ஒவ்வொரு இறகையும் கீறுகிறேன், உயிர் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பூசி முடிக்காத சுவர் என்பது நல்ல கவனிப்பு. அதைக் குறையாகக் கொண்டதில்தான் மாறுபடுகிறேன். வங்கத்தின் பாங்குராவில் 1906இல் பிறந்த ராம்கிங்கர், 1938இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவன வளாகத்தில் அச்சிற்பத்தை எழுப்பியபோது, வெண்கலத்தையோ பளிங்கையோ நாடாமல், அந்தச் செம்மண் பூமியின் சரளையையே சிமெண்டில் கலந்து கம்பிக் கூட்டின்மேல் அப்பினார். அதனால் அக்குடும்பத்தின் உடலும் அவர்கள் நடக்கும் மண்ணும் ஒரே பொருளாயின. இழைத்து வழவழப்பாக்கியிருந்தால் அந்த உறவு அறுந்திருக்கும்.

தகப்பனின் தோளில் காவடி, காவடிக் கூடையில் பிள்ளை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய். பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பம் என்று எவரும் சொல்லாமலே விளங்குகிறது. அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தோட்டத்து லய வீட்டைக் காலிசெய்து லோரியில் ஏறிய காலையில், தோட்டத்து வளைவுவரை பின்னால் ஓடிவந்த எங்கள் நாய் நினைவுக்கு வந்து, மேற்கொண்டு பார்க்க முடியாமல் போகிறது. ரோமம் ரோமமாகச் செதுக்கிய எந்த நாயும் எனக்கு இதைச் செய்ததில்லை.

உங்கள் இருவாச்சிக்கு வருகிறேன். பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்புதான் வாசல். ஆண் பறவை வந்தமர்ந்து, விழுங்கிவைத்த பழங்களைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கழுத்தைச் சாய்த்து, அந்த வெடிப்பின் வழியே ஊட்டும். அத்தனை பெரிய அலகு அத்தனை சிறிய இடைவெளியில் காட்டும் நிதானத்தில்தான் அந்தப் பறவை முழுதாக இருக்கிறது. களிமண்ணில் பத்துமுறை செய்துபார்த்தாவது அந்தக் கழுத்துச் சாய்வைப் பிடியுங்கள்; அதுவரை இறகில் கை வைக்காதீர்கள்.

சரளை கலப்பதைப் பால்மரம் சீவும் பெண்ணுக்குச் செய்துபாருங்கள். தோட்டத்துச் சாலைச் செம்மண் அவளுடைய கால்களுக்குப் பொருந்தும். இருவாச்சிக்கு வேண்டாம், அதன் அலகு வழவழப்பாகவே இருக்கட்டும்.