தானாகத் திறக்கும் சூப்பர் ஹீரோ ஹெல்மெட்: எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்?

கேள்வி: மகனின் மாறுவேடப் போட்டிக்கு, முகத்தகடு தானாகத் திறந்து மூடும் ஹெல்மெட் ஒன்று வேண்டும். ரெடிமேடாக வாங்குவதா, பாகங்களை வாங்கி நாமே செய்வதா?

பதில்: மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் நீங்களே செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். மோட்டாரும் அதை இயக்கும் சர்க்யூட் போர்டும் மலிவுதான். ஆனால் சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர், பசை, தப்பாக வெட்டி வீணாகிற ஃபோம் என்று முதல் ஹெல்மெட்டிலேயே எல்லாச் செலவும் வந்து விழும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய ஆசை என்றால் அது வேறு கணக்கு, தாராளமாகச் செய்யுங்கள்.

ரெடிமேட் என்றால் ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தலையில் மாட்டிய நிலையில் மூடித் திறக்கும் வீடியோ. மேசைமேல் வைத்து எடுத்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு, மோட்டார் ஸ்குரூவில் நிற்கிறதா, பசை போட்டு ஒட்டியதா? பசை என்றால் மோட்டார் போன அன்றே ஹெல்மெட்டும் ஷோகேஸுக்குப் போய்விடும்.

உள்ளளவையும் விடாதீர்கள். முகத்தகட்டைத் திறப்பது சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார். எஸ்ஜி90 ரகச் சின்ன சர்வோகூட தண்டோடு சேர்த்து ஏறக்குறைய 3 செ.மீ. உயரம். இரண்டு பொட்டுப் பக்கமும் பக்கத்துக்கொன்றாகப் படுக்க வைத்தால் உள் அகலத்தில் 6 செ.மீ. காணாமல் போகும். தலைச் சுற்றளவை மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, வந்த ஹெல்மெட் காதைத் தாண்டி இறங்கவில்லை என்று புலம்புவது இதனால்தான். நெற்றிக்கு மேல், உச்சியில் மோட்டார் வைக்கிற டிசைனில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: எஸ்ஜி90, எம்ஜி90எஸ், எம்ஜி996ஆர் என மூன்று சர்வோ காட்டுகிறார்கள். பெரியதையே வாங்கிப் போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: பெரியதைப் போட்டால் கவலையும் பெரிதாகும். எம்ஜி996ஆர் ஒன்றே 55 கிராம். எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு போட்டால் அதற்கு ஈடுகொடுக்கும் பேட்டரியையும் சேர்த்துத் தலையில் சுமக்க வேண்டியதுதான். எஸ்ஜி90 வெறும் 9 கிராம்.

மோட்டாரை முதலில் வாங்காதீர்கள். முகத்தகட்டைச் செய்து, பெயின்ட் அடித்து, கண் விளக்கை ஒட்டி முடித்த பிறகு சமையல் தராசில் வையுங்கள். 150 கிராம் வருகிறது, கீலிலிருந்து அதன் எடை மையம் 8 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூக்கத் தேவைப்படும் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) 0.15 கிலோ × 8 செ.மீ., அதாவது 1.2 கிலோ-செ.மீ. எஸ்ஜி90-க்கு 1.8 என்று போட்டிருப்பார்களே, தாராளம் என்று தோன்றும். அந்த 1.8 என்பது மோட்டார் மூச்சு முட்டி நின்றுபோகிற அளவு. பாதிக்கு மேல் அதனிடம் வேலை வாங்கக் கூடாது. ஆகவே இந்த எடைக்கு இரண்டு வேண்டும். அதுவும் உலோகப் பல்சக்கரம் உள்ள எம்ஜி90எஸ் நல்லது. பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள், கையாலேயே மூடியை இழுப்பார்கள். பிளாஸ்டிக் பல் அப்போதுதான் உடையும். ஈ.வி.ஏ. ஃபோமில் (லேசான ரப்பர் போன்ற ஃபோம்) செய்த 60 கிராம் தகடு என்றால் எஸ்ஜி90 ஜோடியே போதும்.

இன்னொன்று. ஒரே பெயரில் 180 டிகிரி, 360 டிகிரி என இரண்டு வகை விற்கிறார்கள். 360 அதிகம்தானே என்று எடுத்துவிடாதீர்கள். அது நிற்காமல் சுற்றுகிற வகை. சொன்ன கோணத்தில் நிற்காது. உங்களுக்கு வேண்டியது 180.

கேள்வி: கண் விளக்கு நன்றாக எரிகிறது. பட்டனை அழுத்தி முகத்தகடு நகர ஆரம்பித்ததுமே எல்லாம் அணைந்து மறுபடி எரிகிறது, தகடு துடிக்கிறது. போர்டு பழுது என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். பழுது போர்டில் இல்லை, மின்சாரம் போகிற வழியில் இருக்கிறது. சர்வோவின் சிவப்பு ஒயரை உங்கள் போர்டின், அதாவது ஆர்டுயினோ நானோ போன்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டின், 5 வோல்ட் பின்னில் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மோட்டார் கிளம்பும்போது ஒரே இழுப்பாக இழுக்கும். வோல்டேஜ் தொபுக்கென்று விழும். போர்டு அணைந்து புதிதாகத் தொடங்கும். அரிசி மூட்டையை இறக்க அண்டை வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்ட கதைதான்.

சர்வோவுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் கொடுங்கள். சிக்னல் ஒயர் மட்டும் போர்டுக்குப் போகட்டும். பேட்டரியின் நெகட்டிவும் போர்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். இதை விட்டால் தகடு தன் இஷ்டத்துக்கு ஆடும். சர்வோவின் பவர் ஒயர்களுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (திடீர் இழுப்புக்கு மின்சாரம் சேமித்துத் தரும் பாகம்) ஒன்று போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல். பெரும்பாலும் இதோடு தீரும்.

நிஜமாகவே பழுதான பொருளும் வரத்தான் செய்யும். அதனால் பார்சல் வந்த அன்றே, ஒயரை வெட்டுவதற்கு முன், சாலிடர் வைப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஆர்டுயினோ மென்பொருளிலேயே ‘ஸ்வீப்’ என்ற மாதிரி நிரல் இருக்கிறது. ஒவ்வொரு சர்வோவையும் தனித்தனியாக மாட்டி அதை ஓட்டி, ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். சாலிடர் பட்ட பாகத்தைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுத்தால் அவரோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

கேள்வி: 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரியில் கொள்ளளவு 9,900 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டது மலிவாகவே கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: லேபிளே பொய். பேர்பெற்ற நிறுவனங்களின் 18650 செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும். கொள்ளளவில் துணிந்து பொய் சொல்கிறவர் பாதுகாப்பில் மட்டும் உண்மை பேசுவார் என்று நம்ப முடியாது.

என்னைக் கேட்டால் குழந்தையின் தலையை ஒட்டி லித்தியம் செல்லே வேண்டாம். நான்கு ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்கள். ஒன்று 1.2 வோல்ட், நான்கும் சேர்ந்து 4.8, சின்ன சர்வோக்களுக்கு அது கச்சிதம். எடை 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதைப் பிடரிப் பக்கம் வைத்தால் முன்னால் இழுக்கும் தகட்டுக்கு எதிர் எடையாகவும் ஆகிவிடும். போர்டுக்கு அதே 4.8 கொஞ்சம் குறைச்சல்தான், ஆனாலும் ஓடும்.

பவர்பேங்க் என்றால் பாக்கெட்டில் வைத்து, இழுத்தால் கழன்றுவிடும் கனெக்டரோடு ஒயரை மேலே கொண்டுபோங்கள். இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் பல பவர்பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வாங்கின கையோடு விளக்கை மட்டும் எரியவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

கேள்வி: செய்து முடித்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஃபோமும் 3டி பிரிண்ட் செய்த பிளாஸ்டிக்கும் அடி தாங்கச் சோதிக்கப்பட்டவை அல்ல. பக்கவாட்டில் வருவதும் கண்ணுக்குத் தெரியாது. பையில் வைத்து எடுத்துப் போங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். பிஎல்ஏ என்ற 3டி பிரிண்ட் பிளாஸ்டிக்கில் அடித்த ஹெல்மெட் 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் கேளுங்கள், அது 80 டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.