புலி ஏன் பின்பக்கமே படுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆசையைச் சொல்கின்றன: சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய ஊர் உயிரியல் பூங்காவின் திறந்தவெளி அடைப்புகளை இன்னும் நன்றாக அமைக்க முடியாதா? முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்காவில் புலி அடைப்பு பெரியதுதான். ஆனால் எப்போது போனாலும் புலி பின்சுவரை ஒட்டிய புதரில்தான் படுத்திருக்கிறது. அந்தப் புதரை எடுத்துவிடச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதலாமா?

எழுதாதீர்கள். புதரை எடுத்தால் புலி முன்னால் வராது. பின்சுவரின் மூலையில் போய் ஒடுங்கும், அல்லது சுவரோரமாக நடக்கத் தொடங்கும். சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதை விளக்கினார். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு 'விலகல் தூரம்' உண்டு. அதற்குள் அந்நியர் வந்தால் விலகிப் போக வேண்டும் என்று அதற்குத் தோன்றும். விலக இடம் இருக்கிறது என்று தெரிந்த விலங்குதான் நிம்மதியாக அருகில் வரும். அதனால் புதர் இருக்கட்டும். முன்பக்கத்தை அதைவிட நல்ல இடமாக்க வேண்டும்.

முதலில் கவனியுங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் போய், நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, இரவுக்கூண்டின் கதவு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல அடைப்புகளில் கதவு இருக்கும் மூலையில்தான் புலி கிடக்கும். சாப்பாடும் பழகிய ஆளும் வருவது அந்த வழியாகத்தானே.

பிறகு பார்வையாளர் கண்ணாடிக்கு அருகே ஒரு மேடை. தரையிலிருந்து ஒன்றரை முதல் 2 மீட்டர் உயரம், குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றே கால் மீட்டர் அகலம். புலி மனிதரைக் கீழே பார்க்கும் உயரத்தில் இருந்தால் அதன் பதற்றம் குறைகிறது. பலகைகளுக்கு இடையே விரலளவு இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் மழைநீர் தேங்கி மரம் அழுகும். இரும்புத் தகடு வேண்டாம், வெயிலில் சுடும். மேடையின் முதுகுப்புறம் பாறையோ அடர்ந்த செடியோ இருக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்த மேடையில் எந்தப் பூனையினமும் நிம்மதியாகத் தூங்காது. மேலே கூரை, ஏற இரண்டு வழிகள். இப்படி ஒன்று போதாது. வெவ்வேறு வேளையில் நிழல் கிடைக்கும்படி மூன்று வேண்டும்.

பார்வையாளர் பக்கமும் மாற வேண்டும். அடைப்பைச் சுற்றிலும் நின்று பார்க்கும் அமைப்புதான் இருப்பதிலேயே மோசமானது. நான்கைந்து மீட்டர் அகலத்தில் இரண்டு மூன்று பார்வை இடங்கள் போதும். அவற்றுக்கு இடையே செடிகள், மேலே கூரை. கூரை நிழலில் நிற்கும்போது கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும். நிழலான இடத்துக்குள் நுழைந்ததும் மக்கள் குரலையும் தாமாகவே தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: கரடி ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறது. புல் தேய்ந்து கோடு விழுந்துவிட்டது. தடத்தின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டால் நிற்குமா?

நிற்காது. கட்டையைத் தாண்டி நடக்கும், அல்லது அடுத்த பக்கத்தில் புதுக் கோடு போடும். தடத்தைத் தடுப்பதால் நடப்பதற்கான காரணம் போய்விடாது.

காரணங்கள் பல. ரோஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், காட்டில் பரந்த எல்லையில் திரியும் ஊனுண்ணி இனங்கள்தாம் அடைப்பில் அதிகமாக இப்படி நடக்கின்றன என்று தெரியவந்தது. அதற்காக இடத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெறுமையான பெரிய அடைப்பும் வெறுமைதான். கரடி காட்டில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கிறது. அடைப்பில் ஒரே வேளைக்கு ஒரே தட்டில் சாப்பாடு வந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க அடுத்த வேளைக்கான காத்திருப்பு.

செய்ய வேண்டியது இது. அன்றாட உணவை ஐந்தாறு பங்காகப் பிரித்து, நேரம் மாற்றி மாற்றி, இடம் மாற்றி மாற்றித் தர வேண்டும். உள்ளீடற்ற மரத்துண்டில் 4 முதல் 5 செ.மீ. துளைகள் போட்டு, உள்ளே பழமும் தானியமும் வைத்து, சங்கிலியில் கட்டித் தொங்கவிடலாம். குவியலாகக் கிடக்கும் சருகிலும் மரச்செதிலிலும் உணவைத் தூவலாம். அதற்குக் குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும். மேலோட்டமாகத் தூவினால் ஐந்தே நிமிடத்தில் பொறுக்கி முடித்துவிடும். இங்கே பலரும் செய்யும் தவறு, இதையெல்லாம் வழக்கமான உணவுக்கு மேல் கூடுதலாகத் தருவது. கரடி பருத்து, மூட்டு வலி வந்து, அசைவே குறைந்துவிடும். அளவு அதேதான், தரும் விதம் மட்டும்தான் மாற வேண்டும்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. பகலில் உள்ளறைக் கதவைத் திறந்தே வைப்பது. உள்ளேயும் வெளியேயும் போகும் உரிமையைத் தந்தபோது துருவக்கரடிகளின் இந்த நடை குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. கரடி கண்ணில் படாமல் போகிற நேரம் கூடலாம், அதைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பலன் இருக்கிறதா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை கரடி அந்த நொடியில் என்ன செய்கிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். 2 மணி நேரத்தில் 24 குறிப்புகள், 10 நாளில் 240. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழகிய கரடியிடம் இந்தப் பழக்கம் முழுதாகப் போகாது, குறையும். திடீரென்று கூடினால் கால்நடை மருத்துவர் பல்லையும் பாதத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: மான், வரிக்குதிரை அடைப்புகளில் ஒரு புல் கூட இல்லை. நட்ட மரங்களின் பட்டையையும் உரித்துவிடுகின்றன. பச்சையாக வைத்திருக்க வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் புல் விதையைத் தூவிவிட்டுப் போவது வழியல்ல. குளம்புகள் மண்ணை இறுக்கிவிடுகின்றன. இறுகிய மண்ணுக்குள் நீரும் காற்றும் இறங்காது, வேர் செத்துவிடும். முதலில் தேய்வது வாசல், தண்ணீர்த் தொட்டி, தீவன இடம் இந்த மூன்றும்தான். அங்கே புல்லை மறந்துவிட்டு 15 முதல் 20 செ.மீ. சரளையோ கரடுமணலோ பரப்பி, அடியில் வடிகால் வையுங்கள். சேற்றில் நின்றே இருக்கும் குளம்பு மென்மையாகி அழுகும். மீதி நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி ஓய்வு தர வேண்டும். ஓய்விலிருக்கும் பகுதியில் மண்ணைக் குத்திக் கிளறிவிட்டு விதைக்க வேண்டும்.

மரத்துக்கு வேலி போடும்போது அடிமரத்தில் ஒட்டிக் கட்டாதீர்கள். எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி என்றால் அதன் நாக்கே ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், அதற்கு மேல் கழுத்தின் எட்டும் இருக்கிறது. யானைக்குக் கம்பிவலை ஒரு பொருட்டே அல்ல. மரத்தைச் சுற்றிக் கரடுமுரடான கற்களை நெருக்கமாகப் பதிக்கிறார்கள். நிலையாக நிற்க முடியாத இடத்தில் யானை காலை வைக்கத் தயங்கும். வேலிக்கு மேல் நீளும் கிளைகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழிக்க வேண்டும், இல்லையென்றால் குரங்கும் சிறுத்தையும் அந்தக் கிளை வழியே வெளியே வந்துவிடும். அரளி, ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி ஆகியவற்றை அடைப்புக்குள் மட்டுமல்ல, எட்டும் தூரத்தில் வெளியேயும் நடக்கூடாது.

மரமே வளராத அடைப்பில் ஒரு எளிய உத்தி பலன் தரும். 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை 80 செ.மீ. ஆழத்துக்கு நிமிர்த்தி நட்டு, சுற்றிலும் காங்கிரீட் போடுகிறார்கள். தினமும் காலையில் இலை நிறைந்த பெரிய கிளையொன்றை வெட்டி வந்து குழாயில் செருகி, குறுக்கே ஒரு கம்பியால் பூட்டிவிட்டால் அன்றைக்கு அங்கே ஒரு மரம் நிற்கும். விலங்கு நின்று இழுத்து இழுத்துத் தின்னும். நிழலும் மறைவும் கிடைக்கும். மாலைக்குள் வெறும் குச்சிதான் மிஞ்சும், மறுநாள் புதுக் கிளை. குழாயின் அடியில் சரளை போட்டு நீர் இறங்க வழி விடாவிட்டால் உள்ளே தேங்கிக் கொசு பெருகும்.

கேள்வி: அகழி, கண்ணாடி, கம்பிவலை – இவற்றில் எது நல்லது?

விலங்கைப் பொறுத்தது. கம்பிகளுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத அகழிகளைக் கொண்டு 1907இல் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் திறந்த பூங்காதான் இன்றைய திறந்தவெளி அடைப்புகளுக்கு முன்மாதிரி. பார்க்க அழகு, ஆனால் அகழி நிறைய இடத்தைத் தின்கிறது. அந்த இடம் விலங்குக்கும் பயன்படாது, மனிதருக்கும் பயன்படாது. சிம்பன்சியும் கொரில்லாவும் நீந்துவதில்லை. நீர் அகழியில் விழுந்து மூழ்கியவை உண்டு. அவற்றுக்கு நீர் அகழி இருந்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து ஆழம் மெல்ல மெல்ல இறங்க வேண்டும், பிடித்து ஏற வலையும் வேண்டும்.

ஏறும் விலங்குகளுக்கு எங்கள் தேர்வு வலைதான். மேலேயும் வலை போட்டு மூடிவிட்டால் தரை மட்டுமல்லாமல் உயரம் முழுவதும் அதற்குச் சொந்தமாகிறது. கறுப்பு நிற வலையாக இருக்கட்டும். பளபளக்கும் வெள்ளி நிற வலை கண்ணைத் தடுக்கும், கறுப்பு வலை பின்னணியில் கரைந்துவிடும். தோண்டும் விலங்கென்றால் வலை மண்ணுக்குள் 1 மீட்டர் இறங்கி, அடியில் உட்புறமாக மடங்க வேண்டும்.

கண்ணாடியென்றால் பல அடுக்குகள் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிதான். புதிய விலங்கை விடும் முன் கண்ணாடி முழுக்கச் சோப்புக் குழம்பைப் பூசிவிட வேண்டும். அங்கே ஒரு தடை இருக்கிறது என்று விலங்கு அறிந்த பிறகு, நாளுக்கு ஒரு பட்டையாகத் துடைத்துக்கொண்டே வரலாம். இதை விட்டுவிட்டால் மிரண்டு ஓடும் மான் முதல் நாளே கண்ணாடியில் மோதும். காட்டுப் பறவைகள் மோதாமலிருக்க வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டலாம்.

கேள்வி: குளத்து நீர் எப்போதும் பச்சையாக இருக்கிறது. தினமும் மாற்றினால் போதாதா?

நீரும் வீண், ஆளும் வீண். வடிகட்டியைக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமென்றால் 50 கன மீட்டர். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை முழு நீரும் வடிகட்டி வழியே போக வேண்டுமென்றால் மணிக்கு 25 கன மீட்டர் இழுக்கும் பம்பு தேவை. வடிகட்டியில் அழுக்குச் சேரச் சேர ஓட்டம் குறையுமென்பதால் கால் பங்கு கூடுதலாக வாங்க வேண்டும். வடிகட்டிக்கு முன்னால் முடி பிடிக்கும் கூடை கட்டாயம். புலி, கரடி குளங்களில் முதலில் பழுதாவது முடியால்தான். அடித்தளம் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். குளத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிழலில் இருந்தால் பாசி குறையும்.

குளத்தின் அழகில் மயங்கிப் பயன்படுத்தும் விலங்கை மறந்துவிடக் கூடாது. லண்டன் பூங்காவில் 1934இல் லுபெட்கின் கட்டிய பெங்குயின் குளம் கட்டடக்கலையில் இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் 2004இல் பெங்குயின்களை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். கடினமான காங்கிரீட் தரையில் பாதங்களில் புண் வந்தது, வளை தோண்ட வழியில்லை.

கேள்வி: ஒரே அடைப்பில் பல இனங்களைச் சேர்த்து விடலாமா?

இடம் தாராளமாக இருந்தால் விடலாம். சிறிய விலங்கு மட்டும் நுழையக்கூடிய தனி மறைவிடம், தனித்தனித் தீவன இடங்கள், இரவில் தனித்தனி அறைகள் இந்த மூன்றும் இல்லாமல் கூடாது. முட்டுச்சந்தாக முடியும் மூலைகளும் இருக்கக்கூடாது, துரத்தப்பட்டது அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் யோசனைகளைப் பூங்கா கேட்கும்படி எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா முழுவதையும் மாற்றச் சொல்லும் இருபது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். புது விலங்கு கேட்காதீர்கள், இருக்கும் விலங்கைப் பற்றி மட்டும் பேசுங்கள். நீங்கள் எடுத்த குறிப்புகளை முதலில் வையுங்கள். பிறகு மாற்றங்களைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள்: நிழல், மரக்கட்டைகள், தரைப்பரப்பு, மேடை, கடைசியாகத்தான் கட்டுமானம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பராமரிப்பாளர் எப்படி உள்ளே போவார், எதைத் தினமும் கழுவ வேண்டும், விலங்கை எந்த வழியாக இரவுக்கூண்டுக்கு அழைப்பது என்று எழுதுங்கள். முடிந்தால் எழுதும் முன்பே அந்த அடைப்பின் பராமரிப்பாளரிடம் பேசிவிடுங்கள். மேடையைப் போட நீங்கள் நினைத்த இடத்தில்தான் அவருடைய தள்ளுவண்டி திரும்ப வேண்டியிருக்கும்.

வரைபடம் 100க்கு 1 என்ற அளவில், அதாவது 1 மீட்டரை 1 செ.மீ. ஆக, ஒரே தாளில் போதும். வடதிசைக் குறியைப் போட மறக்காதீர்கள். அது இல்லாத படத்தைப் பார்த்து, நீங்கள் சொன்ன மேடையில் நண்பகலில் நிழல் விழுமா என்று அவர்களால் சொல்ல முடியாது.